வெருகலுக்குப் போன ஐஸ்

"கொஞ்சம் சுணங்கிப் போச்சு மிஸ்" என்றுதான் நான் சொன்னேன். ஐஸ் லொறி ஓட்டத் தொடங்கிய முதல் நாள் அது. இறக்கக்கண்டிக் கரையில் ஐஸை இறக்கிவிட்டு, மீனை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குத் திரும்பியிருந்தேன். சட்டை முழுக்க மீன் தண்ணீர். பசி வேறு. மீனவர் சங்கத்து ஐஸ் களஞ்சியத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண், பேனையை மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் எண்டா எத்தினை நிமிசம்?"

"மணிக்கூடு பார்க்கேல்ல மிஸ்."

"எங்க சுணங்கினது?"

"செக் பொயின்ற்றிலதான்."

"ரெண்டு செக் பொயின்ற் இருக்கு. எதில?"

"ரெண்டிலயும்."

"கரையில இறக்கேக்க ஐஸ் எவ்வளவு இருந்தது?"

"அரைவாசிக்குக் கிட்ட."

"கிட்ட எண்டா அரைவாசிக்கு இஞ்சாலயோ, அங்காலயோ?"

எனக்குப் பக்கத்தில் நின்ற லாபீர் நானா குனிந்து செருப்பைத் தட்டுவது போலச் சிரித்தார். அண்ணனை நானா என்கிற கிண்ணியாக்காரர் அவர், எங்கள் லொறியில் சுமை ஏற்றி இறக்குகிறவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட. வெளியில் வந்ததும், "நாளைக்கு மணிக்கூடு கட்டிட்டு வாங்க தம்பி. இல்லாட்டி ஒங்களுக்குச் சோறு இரிக்காது" என்றார்.

மிஸ்ஸுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். பருத்திச் சேலை, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு, கதிரையின் முதுகில் எப்போதும் தொங்கும் கறுப்புக் குடை. நாள் முழுவதும் ஐஸுக்குப் பக்கத்திலேயே இருந்தவர், ஆனால் தேநீர் மட்டும் வாய் வேகிற சூட்டில் வேண்டும். எங்கள் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். சொந்தப் பெயர் தெரியாது என்றில்லை. அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த வருடங்களில் கடலுக்குப் போகவும் நேரம் இருந்தது, தெருவில் போகவும் நேரம் இருந்தது. கடற்படை விட்ட நேரத்தில் எல்லாப் படகும் ஒன்றாகப் போய், ஒன்றாகக் கரைக்கு வரும். மீன் குவியும் நேரத்தில் லொறி செக் பொயின்ற்றில் வரிசையில் நிற்கும். கரண்ட் வந்தால்தான் தொழிற்சாலையில் ஐஸ். வராவிட்டால் ஜெனரேற்றர், அதற்கு டீசல், அந்த டீசலுக்குக் கந்தோர் கந்தோராக அனுமதி. இவ்வளவு பாடுபட்டு உண்டான ஐஸ் கட்டி கரைக்குப் போகும்போது முழங்கையளவு மெலிந்திருக்கும். கரையில் கீரி மீனும் சாளை மீனும் பழுதாகி, மண்ணில் குழி தோண்டித் தாட்ட நாட்கள் உண்டு. கடலில் பயந்து பயந்து பிடித்த மீனைக் கையாலேயே புதைக்கிறவனின் முகத்தைப் பார்க்கக்கூடாது.

எங்களுக்கெல்லாம் அது சண்டைக்காலத்துத் தலைவிதி. மிஸ்ஸுக்கு அது பதில் தெரியாத கேள்வி. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் அவர் பிடித்துக்கொண்டது ஐஸைச் சுற்றுகிற சங்கதியை. முன்பு மரத்தூளில் புதைத்துக் கொண்டுபோவோம். காட்டுக்கு மரம் வெட்டப் போக ஏலாமல் ஆனபின் மரத்தூள் வரத்து நின்றுவிட்டது. ஒரு நாள் காலை களஞ்சியத்து முற்றத்தில் ஒரே அளவான நாலு ஐஸ் கட்டிகளை வரிசையாக வைத்தார். ஒன்றுக்குக் கடைசியாக மிஞ்சிய மரத்தூள், ஒன்றுக்குத் தென்னந்தும்பு, ஒன்றுக்கு நெல் உமி, ஒன்றுக்கு வெறும் சாக்கு. பின்னேரம் வரை யாரும் தொடக்கூடாது என்றார்.

எனக்கு மரத்தூளில் நம்பிக்கை. இறக்கக்கண்டிச் சங்கத் தலைவர் யோகராசா அண்ணன் தும்பின் பக்கம். லாபீர் நானா தன் ஊர் ஆலை உமியை விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றவர்கள் வென்றவருக்கு ஒரு கிழமைக்குத் தேநீர் வாங்கிக்கொடுப்பது என்று பேச்சு. மதியம் ஆனதும் யோகராசா அண்ணன் தும்புக் கட்டியின் மேல் நிழல் விழும்படி மெல்ல நகர்ந்து நின்றார். மிஸ் நேரமும் அளவும் எழுதும் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அண்ணன், உங்கட நிழலையும் எழுதட்டோ?" என்றார். அவர் மூன்றடி தள்ளிப்போனார்.

பின்னேரம் நாலையும் தராசில் வைத்தார். உமிக்குள் இருந்த கட்டிதான் பாரம். அதற்குப் பிறகு லாபீர் நானா ஒரு கிழமை கால்மேல் கால் போட்டுத் தேநீர் குடித்தார். "கிண்ணியா உமி எண்டா சும்மாவா" என்று பஸ் ஸ்ராண்டில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். ஆலையில் எரிக்க வைத்திருந்த உமியை மிஸ் மூட்டை மூட்டையாக எடுப்பித்தார். பழைய சாக்குகளை இரண்டாக மடித்துத் தைத்து, நடுவில் உமியை அடைத்து மெத்தை போல ஆக்கினார். அந்த மெத்தைகள் ஒன்றும் தொலையக்கூடாது. நனைந்தால் காயவைத்து அடுத்த நாள் ஏற்ற வேண்டும். உருகிய தண்ணீரைக்கூட ஒரு பீப்பாவில் பிடித்து மீன் பெட்டி கழுவ வைத்தார். கடலில் போய்க் கழுவலாமே என்றேன். "கடலுக்குப் போறதுக்கும் நேரம் குடுத்திருக்கிறாங்கள் தம்பி, மறந்திட்டீங்களோ" என்றார்.

நான் நேரத்தை ஒழுங்காக எழுதுவதில்லை என்று கண்டதும் ஒரு மேசை மணிக்கூட்டைக் கொண்டுவந்து, லொறியில் என் கண்ணுக்கு முன்னால் கம்பியால் கட்டினார். உரத்து அடிக்கும் மணிக்கூடு. "டிக் டிக்" என்ற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும். சண்டைக்காலத்தில் அப்படி ஒரு சாமானை லொறியில் கட்டக்கூடாது என்ற புத்தி எங்கள் மூன்று பேருக்கும் வரவில்லை.

இரண்டாம் நாள் செக் பொயின்ற்றில் எஞ்சினை நிறுத்தியதும் ஒரு ஆமிக்காரன் காதைச் சாய்த்தான். அடுத்த நிமிடம் எங்களை இறக்கி, கையைத் தலைக்கு மேல் வைத்து மணலில் குப்புறப் படுக்க வைத்தார்கள். எல்லோரும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். லாபீர் நானா கலிமா சொல்லத் தொடங்கினார். நான் என் மனைவியை நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மணிக்கூட்டின் அலாரம் அடிக்கத் தொடங்கியது. அடித்தது, அடித்தது, சாவி முடியும்வரை அடித்தது. பிறகு ஒரே அமைதி. ஒன்றும் வெடிக்கவில்லை. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து யாரோ முதலில் சிரித்தார்கள். மணிக்கூட்டைப் பறித்துக்கொண்டு எங்களை விட்டார்கள்.

நடந்ததைச் சொன்னபோது மிஸ்ஸின் முகம் வெளிறிப்போனது. "பிழை என்ர. நான் யோசிச்சிருக்க வேணும்" என்றார். அடுத்த நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு வந்து லொறியில் ஏறினார். எதற்கு என்று கேட்டேன். "மன்னிப்புக் கேட்க வேணும். மணிக்கூட்டையும் வாங்க வேணும்."

துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளை எண்ணி எழுதுகிற வேலை பார்த்த காலத்தில் பழகிய சிங்களம் அவருடையது. அதில் செக் பொயின்ற்றுக்குப் பொறுப்பாக இருந்த கோப்ரலிடம் மன்னிப்புக் கேட்டார். மணிக்கூடு எதற்கு என்று சொன்னார். கொப்பியைத் திறந்து காட்டினார். பிறகு, கேட்கக்கூடாத இடத்தில் கேட்கக்கூடாத கேள்வியையும் கேட்டார்: "உங்களுக்கு எந்த நேரத்தில் வரிசை குறைவு?" எனக்கு மறுபடியும் மணலில் படுக்கவேண்டி வருமோ என்று இருந்தது.

கோப்ரல் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மெலிந்த, வெயிலில் கறுத்த மனிதர். கடைசியில் மிஸ்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கொப்பியையும் மணிக்கூட்டையும் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வரும்போது மிஸ் சொன்னார்: "அவற்ற தகப்பனும் கடலுக்குப் போறவராம். தெற்குப் பக்கம். மீன் பழுதாகினா அண்டைக்கு வீட்டில ஒருத்தரும் கதைக்க மாட்டினமாம்."

ஒரு கிழமை கழித்து அந்த இடத்தில் ஒரு மாற்றம் வந்தது. எங்கள் லொறி தூரத்தில் தெரிந்ததும் கோப்ரல் கையைக் காட்டி வரிசைக்கு வெளியே எடுப்பார். சோதனை குறையவில்லை, ஆனால் முதலில் நடந்தது. மணிக்கூட்டை நாங்கள் பிறகு லொறியில் கட்டவில்லை. லாபீர் நானாவின் கையில் ஒரு கைக்கடிகாரம் வந்தது. அவர் அதைக் கட்டிக்கொண்டபின் எதையும் தாமதிக்காமல் சொல்லிவிடுவார். "மிஸ், நிலாவெளிச் சந்தியில ஏழு நிமிசம். மாடு குறுக்க."

நாலைந்து மாதத்துக்கு எழுதிய பின் ஒரு காலை எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். யோகராசா அண்ணனும் வந்திருந்தார்.

"ஐஸ் ஓடுறதில உருகேல்ல" என்றார் மிஸ். "நிக்கிறதிலதான் உருகுது. லொறி ஓடுற நேரத்தைப் பார்த்தா அரைவாசிகூட இல்லை. மற்றதெல்லாம் நிக்கிற நேரம். வேகமா ஓட்டச் சொல்லி உங்களோட சண்டை பிடிச்சது என்ர பிழை தம்பி."

"அப்ப என்ன செய்யிறது?"

"லொறி நிக்கிறதை எங்களால மாத்த ஏலாது. மீன் வரமுந்தி ஐஸ் அங்க போய் நிக்க வேணும்."

யோகராசா அண்ணனுக்கு அது விசர்க் கதையாகப் பட்டது. மீன் இல்லாத கரைக்கு யாராவது ஐஸ் அனுப்புவார்களா? ஆனாலும் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, சுற்றிவர உமி போட்டு, முதல் நாளே ஐஸை இறக்கினோம். அன்றைக்கென்று கடல் பூட்டு. ஒரு படகும் போகவில்லை. கரையில் நின்றவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று, "ஐஸுக்கு மீன் பிடிச்சுக் குடுங்கோ மிஸ்" என்று பகிடி பண்ணினார்கள். மிஸ் தொட்டிக்குள் தெர்மாமீற்றரை விட்டுப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் மதியம் படகுகள் வந்தபோது தொட்டியில் ஐஸ் இருந்தது. மீன் மணலைத் தொடவில்லை. அன்றைக்குச் சந்தைக்கு வந்த சூரை மீனின் கண் உயிரோடிருந்தது போல இருந்ததாக என் மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு பகிடி நின்றது.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு முறை தெரு மூன்று நாள் பூட்டப்பட்டது. மிஸ்ஸின் கொப்பியில் மூன்று நாள் என்ற ஒன்று இருக்கவில்லை. தொட்டி நிறைய மீன், ஐஸ் முடிந்துவிட்டது. தெரு திறந்ததும் முதல் லொறியில் அவரும் வந்தார். நாற்றம் தாங்க ஏலாமல் நாங்கள் மூக்கில் சேலைத்துண்டு கட்டியிருந்தோம். அவர் சேலையை இடுப்பில் செருகி, மண்வெட்டியை வாங்கி, எங்களோடு நின்று குழி தோண்டினார். முடிந்தபின் கையைக் கழுவிவிட்டுக் கொப்பியை எடுத்தார்.

"இதையுமா எழுதுறீங்கள் மிஸ்?" என்று யோகராசா அண்ணன் கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

"ஓம் அண்ணன். நல்லா நடந்த நாளை மட்டும் எழுதினா இது சும்மா பெருமைக் கொப்பி."

அடுத்த மாதம் தொட்டிக்குப் பக்கத்தில் உப்பும் கருவாட்டுப் பந்தலும் வந்தன. தெரு பூட்டினால் இரண்டாம் நாள் காலையே மீனை வெட்டி உப்பில் போடுவது என்று முடிவு. அதை முடிவு செய்தது யோகராசா அண்ணன்.

மிஸ் கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நேரம் பிந்திப் போச்சு. எவ்வளவு எண்டு சொல்லட்டோ?" என்பாராம். நகரத்தில் ஒரு சின்ன வீட்டில் தங்கையோடு இருந்தார். அவருடைய பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. ஒரு நாள் மனைவி, "சோறு இப்ப வெந்திரும்" என்றாள். "இப்ப எண்டா எத்தினை நிமிசம்?" என்று கேட்டுவிட்டேன். அகப்பையைக் கீழே வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அந்த மிஸ்ஸிட்டயே போய்ச் சாப்பிடுங்கோ" என்றாள். என் மகள் இப்போது ஒரு சரக்குக் கந்தோரில் வேலை. லொறிகளெல்லாம் அவளுடைய திரையில் புள்ளி புள்ளியாக ஓடுகின்றன. ஒரு புள்ளி நின்றால் மஞ்சளாகிறது. "ஏன் நிக்குது?" என்று கேட்டேன். "அது தெரியாது அப்பா" என்றாள். மிஸ் அந்தக் கந்தோரில் இருந்திருந்தால், குடையை எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளி நிற்கும் இடத்துக்கே போயிருப்பார்.

மிஸ்ஸிடம் இருந்த தெர்மாமீற்றர் ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கியது. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை அங்கே கொண்டுபோவார். அங்கிருந்த இளம் டொக்டர் ஒருவர் அவருடைய கொப்பியைப் பார்த்துப் பழகியிருந்தார். ஒரு நாள் அந்த டொக்டரே களஞ்சியத்துக்கு வந்தார்.

சின்னப் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள் வரப்போகிறது. அந்த நாளுக்காக இரண்டு பக்கமும் துவக்கைத் தாழ்த்துவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மருந்து ஈச்சிலம்பற்றுக்கும் வெருகலுக்கும் போகவேண்டும். அந்தப் பக்கம் கரண்ட் போய் வருடக்கணக்கு. குளிர்ப்பெட்டி எதுவும் இல்லை. போன முறை மருந்து சூடாகிப் போய்ச் சேர்ந்தது. ஒரு சொட்டும் கொடுக்காமல் ஊற்றிவிட வேண்டி வந்தது. தூரத்து வயல்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள்.

"மிஸ், வெருகல் போகுமட்டும் ஐஸ் தாங்குமோ?" என்று கேட்டார் டொக்டர்.

"தெரியாது" என்றார் மிஸ்.

டொக்டரின் முகம் வாடியது.

"அந்தப் பக்கத்துக்கு என்னட்ட எழுத்து ஒண்டுமில்லை டொக்டர். தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னா பிள்ளையளுக்குத்தானே கேடு. எத்தினை நாள் இருக்கு?"

"பதினெட்டு நாள்."

"காணும். அதுக்குள்ள எழுதி எடுத்திடலாம்."

அடுத்த நாளிலிருந்து காலை வேளைகளில் மிஸ் கிண்ணியாத் துறையில் இருந்தார். வாகனத்தை ஏற்றி ஆற்றைக் கடத்துகிற மிதவையை எங்கள் பக்கம் 'பாதை' என்போம். பாதையில் வந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் மறித்தார். எங்கேயிருந்து வாறீங்கள், எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள், எங்க எவ்வளவு நேரம் நிண்டனீங்கள். வெருகல் கோயிலுக்குப் போய் வந்தவர்கள், விறகு வியாபாரிகள், ஆஸ்பத்திரிக்கு வருகிற கிழவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு மனிதர், "நீங்க சீ.ஐ.டியோ?" என்று கேட்டாராம். "இல்லை, ஐஸ்" என்றாராம் மிஸ்.

பிறகு ஒரு ஒத்திகை. இலேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றில் மருந்துப் போத்தல்களில் வெறும் தண்ணீரை நிரப்பி, ஐஸ் வைத்து, மூதூர் வழியாக ஈச்சிலம்பற்றுக்குப் போகிற தாதி ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் வெறும் சுடுதண்ணீர் என்று செய்தி வந்தது. டொக்டர் தலையில் கை வைத்தார்.

"நல்லது" என்றார் மிஸ். "மருந்து வச்சு அனுப்பியிருந்தா அழுதிருப்பம். இப்ப எங்க பிழை எண்டு பார்ப்பம்."

தாதி எழுதி வைத்திருந்தார். வழியில் பெட்டி ஐந்து தரம் திறக்கப்பட்டிருந்தது, ஐந்தும் சோதனைக்கு. ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்த குளிர் வெளியே போயிருக்கிறது. சோதிக்க வேண்டாம் என்று எந்த ஆமிக்காரனிடமும், மற்றப் பக்கத்து இயக்கப் பெடியளிடமும் சொல்ல ஏலாது. மிஸ் ஒரு இரவு யோசித்துவிட்டு வந்து லாபீர் நானாவிடம் கேட்டார்: "நானா, உங்கட வீட்டு அலுமாரிக் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு எண்டு சொன்னனீங்களே?"

மரப்பெட்டி ஒன்று செய்தோம். சுற்றிவர உமி மெத்தை. மூடியில் சாண் அகலத்துக்கு வெட்டி, இரண்டு கண்ணாடித் துண்டுகளை இடைவெளி விட்டுப் பொருத்தினோம். ஒரு மூலையில் தெர்மாமீற்றர் வெளியிலிருந்தே வாசிக்கக்கூடியதாக. யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திறக்க வேண்டியதில்லை. நடுவழியில் ஐஸ் மாற்றுவதற்குக் கிண்ணியாவில் மீனவர் கொட்டில் போட்ட ஒரு மீன் வாடியிலும், மூதூர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்திலும் உமிக்குழி தோண்டி, இரண்டு நாள் முந்தியே ஐஸை அனுப்பி வைத்தார்.

அந்த நாள் காலை லொறியில் எனக்கும் லாபீர் நானாவுக்கும் நடுவில் மிஸ் உட்கார்ந்தார். டொக்டர் பின்னால் பெட்டியோடு. கிண்ணியாவில் ஐஸ் மாற்றினோம், எல்லாம் சரி. செக் பொயின்ற்களில் கண்ணாடிக்கு மேல் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் போக விட்டார்கள். ஒரு இடத்தில் மட்டும் புதிதாக வந்த ஒருவன் திறக்கத்தான் வேண்டும் என்றான். மிஸ் மறுக்கவில்லை. "திறவுங்கோ. இருபது எண்ணுறதுக்குள்ள மூடவேணும், பிள்ளையளின்ர மருந்து" என்று சிங்களத்தில் சொல்லி, அவன் மூடியைத் தூக்கியதும் உரத்து எண்ணத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற ஆமிக்காரர்களும் சேர்ந்து எண்ணினார்கள். பையன் பதினேழில் மூடிவிட்டுச் சிரித்தான்.

மூதூருக்கு முந்திய கடைசித் துறையில்தான் வந்தது கெட்ட நேரம். பாதை நடு ஆற்றில் நின்றுவிட்டது. கம்பிக்கயிறு எங்கேயோ இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தலைக்கு மேல் வெயில். லொறி, நாங்கள், ஒரு ட்ராக்டர், ஐந்தாறு சைக்கிள்காரர். பாதைக்காரர்கள் கயிற்றோடு மல்லுக்கட்டினார்கள்.

மிஸ் குடையைப் பெட்டிக்கு மேல் விரித்துப் பிடித்தபடி தெர்மாமீற்றரையே பார்த்துக்கொண்டு இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. டொக்டர் நகத்தைக் கடித்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் மிஸ்?"

"ஒரு மணித்தியாலம். அதுக்குப் பிறகு நான் பொறுப்பில்லை."

"கயிறு எப்ப சரிவரும்?"

பாதைக்காரர் ஒருவர், "இப்ப சரியாகிரும்" என்றார். மிஸ் அவரைப் பார்த்தார். அவர் உடனே, "தெரியாது அம்மா" என்றார்.

லாபீர் நானா பாதையின் விளிம்புக்குப் போய், இரண்டு கையையும் வாயருகே வைத்து அக்கரையை நோக்கிக் கத்தினார். அங்கே சைக்கிளில் நின்ற ஒரு பெடியனுக்கு விளங்கிவிட்டது. மூதூர் ஆஸ்பத்திரி, பின்பக்கம், உமிக்குழி, ஐஸ். அவன் திரும்பி மிதித்தான். பிறகு காத்திருந்தோம். மிஸ்ஸின் உதடு மட்டும் அசைந்தது. தேவாரமா, நிமிடமா தெரியாது.

முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைத் தொப்பி. பிறகு தோணி. ஆஸ்பத்திரியின் மருந்து கலக்குகிற ஐயா, காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, நனைந்த சாக்கு மூட்டை ஒன்றைக் குழந்தை போல மடியில் வைத்தபடி தோணியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மீன்பிடிகாரர் சவளால் தண்ணீரைத் தள்ளினார். பாதையில் நின்ற எல்லோரும் கை கொடுத்து மூட்டையைத் தூக்கினோம். டொக்டர் பெட்டியைத் திறந்தார், லாபீர் நானா ஐஸைத் திணித்தார், மூடினார்கள். தெர்மாமீற்றர் இறங்கத் தொடங்கியது. ட்ராக்டர்காரர் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார். கயிறு சரிவர இன்னும் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மிஸ் ட்ராக்டர்காரரிடம் அவர் ஊருக்குப் போக எவ்வளவு நேரம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஈச்சிலம்பற்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு வெருகல் கோயிலடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மர நிழல் முழுக்கத் தாய்மார். விடியலில் வந்தவர்கள். டொக்டர் தெர்மாமீற்றரைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். வரிசை நகர்ந்தது. வாயைத் திறக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்த பிள்ளைகள், துப்பிவிட்டு இரண்டாம் முறை வாங்கிய பிள்ளைகள், ஒரு சொட்டு வாங்கிய பின்னும் வாயை மூடாமல் நின்ற பிள்ளைகள். ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

முடிந்தபோது பெட்டியில் நல்ல ஐஸ் மிச்சமிருந்தது. லாபீர் நானா அதைச் சுத்தியலால் உடைத்துச் சுற்றி நின்ற பெரிய பிள்ளைகளின் கையில் வைத்தார். கரண்ட் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைகள். ஐஸை முதல்முதலாகத் தொடுகிறார்கள். "சுடுது" என்று ஒருத்தன் கீழே போட்டான். பிறகு எடுத்துக் கழுவி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடினான்.

ஐந்து வயதிருக்கும் ஒரு சின்னப் பெட்டை தன் துண்டை வாயில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினாள். அரை மணித்தியாலத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். ஈரக் கையை விரித்துக் காட்டினாள்.

"ஆரோ களவெடுத்திட்டினம்."

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. அவள் உயரத்துக்குக் குந்தி இருந்தார்.

"ஆருக்குக் கொண்டு போனனீங்கள்?"

"அம்மாக்கு. அவ தம்பியைப் பெத்துட்டுப் படுத்திருக்கிறா."

மிஸ் எழுந்து பெட்டிக்குள் இருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். உமி மெத்தைக்குள் சுற்றினார். பெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடக்கத் தொடங்கினார்.

டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். தெரு பூட்டுமுந்தி நாங்கள் இரண்டு பக்கத்தையும் பிரிக்கிற லைனைத் தாண்ட வேண்டும். "மிஸ், நேரம் போகுது" என்று கூப்பிட்டார். மிஸ் திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டினார். நாங்கள் லொறியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வயல் வரம்பில் இரண்டு தலைகளும் சின்னதாகிக்கொண்டே போய், பனைகளுக்குப் பின்னால் மறைந்தன.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சேலைக் கரையெல்லாம் உமி. லொறியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குடுத்தாச்சோ மிஸ்?" என்று லாபீர் நானா கேட்டார்.

"ஓம்" என்றார். "தாய்க்காரி ஒரு கடி கடிச்சா. மிச்சத்தைப் பிள்ளையின்ர நெத்தியில வச்சுப் பார்த்தா. அவன் முகத்தைச் சுழிச்சுத் தும்மினான்."